சென்னையில் ஆற்றைத் தேடாதீர்கள், ஏரி வழிந்த தண்ணீரின் பின்னால் நடங்கள்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். வேளச்சேரிக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. உங்களோடு வந்திருக்கும் 66 வயது அப்பா ஊரில் தினமும் காலையில் வெண்ணாற்றங்கரையில் நடந்தவர். இங்கே தெருமுனைப் பூங்காவில் எட்டு போட்டு நடந்துவிட்டு வந்து, "செக்குமாடு மாதிரி சுத்துறேன்" என்று சலித்துக்கொள்கிறார். பூங்கா, கால்வாய், ஏரி, சதுப்பு நிலம் என்று தண்ணீரை ஒட்டியே நிதானமாக நடக்க இந்த ஊரில் வழி உண்டா, அந்தத் தண்ணீர் ஓரமாகப் போவது உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். பூங்காக்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் பதில் ஆகிவிடாது என்று நினைக்கிறேன். ஆற்றங்கரையில் பழகிய ஒருவர் இந்த ஊரின் தண்ணீரோடு எப்படிப் பழகுவது என்பதுதான் நீங்கள் கேட்பது.

நான் ஏரி, மதகு, கால்வாய் வேலைகளில் 31 வருடம் பொறியாளராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு நாள் அதே கரைகளில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு நடக்கிறேன். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். பறவைகள் பார்த்துப் பார்த்துப் பழகியவை. மருத்துவம் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு மூட்டு வலியோ இதயத்தில் ஏதாவது தொந்தரவோ இருந்தால், நான் சொல்லும் தூரங்களை அவருடைய டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

தஞ்சாவூர்க்காரர் கண் இங்கே வந்ததும் ஆற்றைத்தான் தேடும். கூவத்தைப் பார்த்துவிட்டு மனம் விட்டுப்போகும். அந்தத் தேடலை விட்டுவிடச் சொல்லுங்கள். டெல்டாவில் ஆறுதான் எல்லாம். காவிரி பிரிந்து வெண்ணாறாகி, வெண்ணாறு பிரிந்து வாய்க்காலாகி, வாய்க்கால் வயல் மடையில் போய் முடியும். ஒன்றாக வரும் தண்ணீர் பலவாகப் பிரிகிற நிலம் அது. சென்னையின் தென்பகுதியும் அதை ஒட்டிய செங்கல்பட்டுச் சீமையும் அதற்கு நேர் எதிர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்றே சொல்வார்கள். மழை எங்கே விழுந்ததோ அங்கேயே குறுக்கே கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்கு, அது வழிந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. பல இடத்தில் நின்ற தண்ணீர் கடைசியில் ஒன்றாகச் சேர்கிற நிலம் இது. அதனால் இங்கே தண்ணீரோடு நடப்பது என்றால், ஏரி வழிந்த தண்ணீரின் பின்னாலேயே நடப்பதுதான்.

அதற்கு ஏரியைப் பார்த்துப் புரிந்துகொள்ள நாலு வார்த்தை தெரிந்தால் போதும். கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய். நிலம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் தாம்பரம் பக்கத்திலிருந்து கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி வளைத்துப் போட்ட மண்மேடுதான் கரை. கரை எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்துதான் வரத்துக் கால்வாய் தண்ணீர் கொண்டுவரும். கரையின் அடியில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் துளை மதகு. ஏரி கொள்ளளவை எட்டியதும் மிச்சத் தண்ணீர் தானாக வழிவதற்காகக் கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய தாழ்வான சுவர் கலங்கல். அதன் மேல் தண்ணீர் வழிவதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் "ஏரி கோடி போகுது" என்பார்கள். அப்பாவுக்கு மதகு தெரியும், மடை தெரியும். கலங்கலை மட்டும் ஒரு தடவை நேரில் காட்டிவிடுங்கள். பிறகு அவரே உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்.

சரி, பாதைக்கு வருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து எளிதாக எட்டக்கூடியது செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பள்ளிக்கரணை என்கிற தொடர். இவை வெறும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் அல்ல. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு, அங்கிருந்து நாராயணபுரத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு என்று ஒரே சங்கிலி. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலை பள்ளிக்கரணை, மேடவாக்கம், செம்பாக்கம் வழியாகத்தான் போகிறது. அதனால் எந்த இடத்தில் கால் வலித்தாலும் சாலைக்கு வந்து பஸ் ஏறிவிடலாம். மொத்தமும் நடந்தால் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வரும். ஒரே நாளில் நடக்க வேண்டாம். இரண்டு காலை, முடிந்தால் மூன்று காலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடங்கள், அதாவது பஸ்ஸில் செம்பாக்கம் போய் இறங்கி வீட்டைப் பார்த்துத் திரும்பி வாருங்கள். தண்ணீர் போகிற திசையிலேயே நீங்களும் போகிறீர்கள் என்பது அப்பாவுக்குப் பிடிக்கும்.

செம்பாக்கத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, ஐஐடி மெட்ராஸ் ஆகியவை சேர்ந்து அந்த ஏரியைச் சீரமைத்தன. அதற்கு முன்னால் நான் பார்த்தபோது ஏரியில் பாதிக்கு மேல் ஆகாயத் தாமரைதான் தெரியும். இப்போது திறந்த நீர்ப்பரப்பு இருக்கிறது. கரையில் நின்று முதலில் ஆழத்தைக் கவனியுங்கள். கரையோரம்தான் ஆழம் அதிகம், மேட்டுப் பக்கம் போகப் போகக் குறையும். பறவைகளும் அதற்கேற்றபடி பிரிந்து நிற்கும். ஆழத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும். நடுத்தர ஆழத்தில் கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக நாமக்கோழிக் கூட்டம். முழங்கால் அளவுத் தண்ணீரில் கொக்குகளும் பவளக்கால் உள்ளானும். சேற்றில் ஆட்காட்டி. ஒரு பறவை நிற்கும் இடத்தைப் பார்த்தே அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அளவுகோல் இறக்கிப் பார்க்க வேண்டிய வேலையை அவை செய்துகொடுக்கின்றன.

போன ஜனவரியில் அங்கே முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். கரையிலிருந்து இருபது அடி தூரத்தில் சம்புப் புல்லுக்கு நடுவே அழுகிய தாவரக் குவியல் ஒன்று மிதந்தது. பார்ப்பதற்குக் குப்பை. திடீரென்று அதன் ஓரத்தில் ஒரு முக்குளிப்பான் தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டியது. சுற்றிலும் பார்த்தது. மேலே ஏறி அலகால் ஈரத் தழைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் போட்டது. அடியில் நாலு முட்டை, வெள்ளை போய்ப் பழுப்பேறியவை. அது கூடு. கூட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் அந்தப் பறவை முட்டைகளைத் தழையால் மூடிவிட்டுத்தான் போகும். காகமும் பருந்தும் மேலே பறந்தால் அவற்றுக்கு அழுகிய செடிதான் தெரியும். முக்குளிப்பானுக்கு இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் நகரத்துக்கு நடுவில், பின்னால் அடுக்குமாடிக் கட்டடத்தில் துணி காய்ந்துகொண்டிருக்க, அதைப் பார்த்த காலையை நான் மறக்க மாட்டேன். அப்பாவுக்குப் பொறுமை இருக்கும். அவரை ஒரு இடத்தில் உட்கார வையுங்கள். நிறைய நடப்பதைவிட ஓர் இடத்தில் நிறைய நேரம் இருப்பதுதான் இந்த நடையில் பலன் தரும்.

நன்மங்கலம் போகும் வழியில் காப்புக்காடு வரும். சுமார் 320 ஹெக்டேர் புதர்க்காடு, உள்ளே பழைய கல்குவாரிகள். அந்தப் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருப்பது பறவை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் வேலிக்கு வெளியே நடந்தபடி பார்த்தால் போதும். முதல் காலையை நன்மங்கலம் ஏரிக்கரையில் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் காலை கீழ்க்கட்டளையில் தொடங்கும். இந்தப் பகுதி சுகமான நடை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரை தொடர்ச்சியாக இருக்காது. சில இடத்தில் தெருவுக்குள் இறங்கி, கால்வாயை விட்டுவிட்டு, இன்னொரு தெரு வழியாக அதைத் திரும்பப் பிடிக்க வேண்டும். கால்வாய் சில இடங்களில் கான்கிரீட் பெட்டிக்குள் ஒளிந்துவிடும். பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை நாராயணபுரம் ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஆனால் ஒரு பொறியாளனாக எனக்கு இந்தத் துண்டுதான் முக்கியம். ஒரு பழைய மதகைப் பார்த்தால் நில்லுங்கள். கருங்கல் தூண்கள் இரண்டு, நடுவே பலகை ஏற்றி இறக்குவதற்கான தடம், மேலே துருப்பிடித்த திருகுக் கம்பி. ஒரு காலத்தில் அதைத் திறந்தால் தண்ணீர் நெல் வயலுக்குப் போயிருக்கும். இன்றைக்கு மதகுக்கு அந்தப் பக்கம் வீடுகள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்கள், போய்விட்டதால் மதகுக்கு வேலை போய்விட்டது. கலங்கலுக்கு மட்டும் வேலை அதிகமாகிவிட்டது. ஒரு காலத்தில் பயிர் குடித்த தண்ணீரும் மண் குடித்த தண்ணீரும் இப்போது சேர்ந்து கலங்கல் வழியாகவே கீழே போகிறது.

போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணை. உள்ளூர்ப் பேச்சில் கழுவெளி. சென்னையின் தெற்குப் பகுதி முழுவதும் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் தட்டு அது. 2007-இல் இதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், பிறகு வனத்துறையின் பொறுப்பில் இன்னும் பரப்பு சேர்ந்தது. 2022-இல் ராம்சார் நிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,247.54 ஹெக்டேர். இவை ஆவணத்தில் உள்ள எண்கள், நம்பலாம். ஆனால் "ஒரு காலத்தில் சதுப்பு நிலம் இத்தனை ஆயிரம் ஹெக்டேர் இருந்தது" என்று படிக்கும் எண்களைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரையில் ஒன்று, இன்னொன்றில் வேறு. யாரும் பொய் சொல்லவில்லை. சதுப்பு நிலம் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும். ஒருவர் மழைக்காலத் தண்ணீரின் விளிம்பை அளந்திருப்பார், இன்னொருவர் வருடம் முழுக்க ஈரமாக இருக்கும் பகுதியை மட்டும் அளந்திருப்பார். பெரும் பகுதி போய்விட்டது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வடக்கு ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு, கிழக்கே ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை, குறுக்கே அகலச் சாலை. நீங்களே கண்ணால் பார்ப்பீர்கள்.

இந்தத் தட்டுக்கு வந்து சேரும் வடிநிலம் சுமார் 250 சதுர கிலோமீட்டர், அதில் 65 நீர்நிலைகள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். 250 சதுர கிலோமீட்டரில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் 2,500 கோடி லிட்டர். அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதி மேலே உள்ள ஏரிகளில் தங்கும். மீதி அத்தனையும் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு என்கிற ஒரே வாய் வழியாக ஓஎம்ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் வடிவது இன்னும் மெதுவாகும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரித் தெருக்களில் நின்ற தண்ணீருக்கு இதுதான் பின்னணி. உங்கள் தெரு அந்தத் தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மேலே நாலு ஏரியை நடந்து பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால், குடியிருக்கும் இடத்தைப் பற்றி எந்த வரைபடமும் சொல்லாத ஒன்று புரியும்.

சதுப்பு நிலத்துக்குள் இறங்கக் கூடாது, இறங்கவும் முடியாது. வனத்துறை 2021-இல் திறந்த சூழலியல் பூங்காவில் நடைபாதை உண்டு. போகும் முன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நின்றே நிறையப் பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் கூழைக்கடா, கரண்டிவாயன், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, சில வருடங்களில் பூநாரைக் கூட்டம். எனக்குப் பிடித்தது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டி மாதிரி உடைக்கும் என்று பலர் சொல்வார்கள். பொறுமையாகப் பார்த்தால் அப்படி நடப்பதில்லை. பறவை நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூர்முனையை ஓட்டின் மூடிக்குள் செலுத்தி, சதையை அறுத்து வெளியே இழுக்கும். சாப்பிட்டு எறிந்த ஓடு பெரும்பாலும் முழுசாகக் கிடக்கும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருகிறது. இவ்வளவும் உறுதி. அப்படியானால் இடைவெளி எதற்கு என்பதில் பறவை ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. வழுக்கும் ஓட்டை நழுவாமல் தூக்கிக்கொண்டு போக உதவுகிறது என்கிற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதெல்லாம் தூரம் என்று தோன்றினால், நிழல் அதிகமான இன்னொரு வழி சொல்கிறேன். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்குங்கள். ரயில் போகும் வழியில் ஜன்னலோரம் பக்கிங்காம் கால்வாய் தெரியும், பல இடங்களில் ரயிலைத் தாங்கும் தூண்களே கால்வாய்க்குள்தான் நிற்கின்றன. நிலையத்துக்குப் பக்கத்திலேயே அடையாற்றை ஒட்டி மரப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தில் 2006 முதல் நிழல் என்கிற அமைப்பும் பொதுமக்களும் சேர்ந்து நம் மண்ணின் மரங்களாக நட்டு வளர்த்தது. கத்தரித்து வைத்த புல்வெளிப் பூங்கா போல் இருக்காது. உதிர்ந்த இலை தரையிலேயே மக்கிக் கிடக்கும், வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார்கள். ஊரில் மரம் பார்த்த மனிதருக்கு அங்கே ஒரு மணி நேரம் போவது தெரியாது.

அந்தக் கால்வாயைப் பற்றி அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 1806-இல் கொக்ரேன் என்கிற வெள்ளைக்கார வியாபாரியின் பெயரில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தொடங்கியது. பிறகு வடக்கே ஆந்திரம், தெற்கே மரக்காணம் என்று நீண்டு, உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடின. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டு மட்டும் 1877–78-இல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்த ஜனங்களைக் கொண்டு, நிவாரண வேலையாக வெட்டியது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி, திருமயிலை என்று ரயில் போகும்போது கீழே தெரிகிற அந்தக் கறுப்புத் தண்ணீர், பட்டினியோடு மண்வெட்டி பிடித்தவர்களின் உழைப்பு. நான் அதைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். வெறும் சாக்கடை என்று யாராவது சொன்னால் மனசு கஷ்டப்படும்.

கோட்டூர்புரத்திலிருந்து காந்தி நகர்த் தெருக்களின் மர நிழலில் நடந்தால் திரு.வி.க. பாலம். பாலத்தின் நடைபாதையில் நின்று கிழக்கே பாருங்கள். ஆறு அகலமாகி, நடுவில் மணல் திட்டுகள் தெரியும் இடம் அது. கடல் நீர் உள்ளே ஏறி இறங்குவதால், தண்ணீர் வடிந்த நேரத்தில் போனால்தான் சேற்றுத் திட்டுகளும் அதில் இரை தேடும் உள்ளான்களும் தெரியும். கடற்கரைக்காரர்கள் ஓதம் என்பார்களே, அதன் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பாலத்திலிருந்து வந்த கரைக்கே திரும்பிப் பெசன்ட் அவென்யூவில் நடந்தால் பிரம்மஞான சபையின் மதிலை ஒட்டி மரங்கள் கவிந்த சாலை. உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய் மரம் 1989-இல் சாய்ந்துவிட்டது, விழுதுகள் ஊன்றியவை நிற்கின்றன. சபை பொதுமக்களை அனுமதிக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கிருந்து கடற்கரை பக்கம். முகத்துவாரத்தில் 1967-இல் கட்டி 1977-இல் இடிந்த உடைந்த பாலம் உண்டு. அதன் மேல் ஏறாமல் மீனவர் குப்பத்துப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது உடம்புக்குக் கெடுதலா என்ற கேள்வி. கண்ணும் மூக்கும் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உபயோகமானது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆகாயத் தாமரை அடர்ந்து கிடந்தால் கழிவுநீர் கலந்து சத்து அதிகமாகியிருக்கிறது. கலங்கலுக்குக் கீழே வெள்ளை நுரை நின்றால் சோப்புத் தண்ணீர் கலந்திருக்கிறது. மாறாக, தண்ணீருக்குள் நீர்ச்செடி தெரிகிற அளவு தெளிவு, தட்டான்கள், அல்லி இலை மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி, இதெல்லாம் இருந்தால் அந்த மூலையாவது பரவாயில்லை. அதற்கு மேல், தண்ணீரில் கிருமி எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்பதையெல்லாம் ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். பறவை இருக்கிறது, அதனால் தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். கழிவுநீரில் கொழுத்த புழுவைத் தின்னவும் பறவை வரும். கரையில் நடப்பதில் ஆபத்து இல்லை. தண்ணீரில் கால் நனைப்பது, அதிலும் காலில் புண்ணோடு இறங்குவது, இரண்டும் கூடாது. எலிக் காய்ச்சல் அப்படித்தான் வரும். நாற்றம் அதிகமுள்ள இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விடுங்கள்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற வருடம், ஓர் ஏரியின் கரையிலிருந்து இறங்கிப் பச்சையாகத் தெரிந்த தரையில் கால் வைத்தேன். அது தரை இல்லை, ஆகாயத் தாமரைப் படுகை. இடுப்பு வரை உள்ளே போய்விட்டேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கழியை நீட்டி இழுத்துவிட்டார். முப்பது வருடம் ஏரியில் வேலை பார்த்த எனக்கே இது நடந்தது என்றால், புதியவருக்கு இன்னும் எளிதாக நடக்கும். பச்சை நிறத்தை நம்ப வேண்டாம், தடம் பதிந்த மண்ணில் மட்டும் நடக்க வேண்டும். புல்லுக்குள்ளும் புதருக்குள்ளும் கால் வைக்கக் கூடாது, கண்ணாடி விரியன் இருக்கும் இடங்கள் இவை. தண்ணீரில் தலை நீட்டி நீந்துவது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நாய்களுக்காகக் கையில் ஒரு குடை போதும், ஓங்க வேண்டியதில்லை, ஊன்றி நடந்தாலே விலகிப் போகும். தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள்.

சென்னைக்கு வருடத்தில் பெய்யும் மழையில் பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இந்த நடைக்கு ஏற்ற காலம். காலை ஆறரைக்குக் கரையில் இருந்தால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம், அதற்கு மேல் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் ஏரியை விட்டுவிட்டுக் கோட்டூர்புரம் மரப் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் பறவை பார்க்க வேண்டுமென்றால் காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் நில்லுங்கள். கரை கிழக்கே இருக்கும் ஏரிகளில் இது தானாகவே அமைந்துவிடும். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள் அல்லவா, பருவமழை நெருங்கும் வாரங்களில் கரை முழுக்கத் தட்டான் கூட்டம் தாழப் பறப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மழைக்காற்றோடு தட்டான்கள் கூட்டமாக வருவது உண்மை. அன்றைக்கே மழை வரும் என்று குடை எடுத்துக்கொண்டு கிளம்பிய நாட்களில் பாதி நாள்தான் நனைந்தேன்.

கடைசியாக ஒரு யோசனை. முதல் நாளே நீண்ட நடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். நவம்பரில் இரண்டு நாள் நல்ல மழை பெய்து வெறித்த மறுநாள் காலை, அப்பாவைச் செம்பாக்கத்துக்கு மட்டும் அழைத்துப் போங்கள். கலங்கல் எங்கே என்று கரையில் நடப்பவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். பாதுகாப்பாகத் தள்ளி நின்று, கோடி போகும் சத்தத்தைக் கேட்கவிடுங்கள். ஊரில் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது கேட்கிற அதே சத்தம். அங்கே நின்று, இது அடுத்து எங்கே போகும் என்று அவர் கேட்டால், இரண்டாம் நாள் நன்மங்கலம்.